ஸ்மார்ட் போர்டா, வீடியோவா, சிலேட்டா? போனோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு எந்த வகுப்பு பொருந்தும்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஆசிரியர் நண்பர்களிடமிருந்து ஒரே கேள்வி பல உருவத்தில் வரும். "முன்னாள் மாணவர்கள் பணம் சேர்த்திருக்கிறார்கள், ஸ்மார்ட் போர்டு கேட்கலாமா?" "பாட வீடியோவை முந்தின நாளே அனுப்பிவிட்டு, வகுப்பில் கணக்கு மட்டும் போட வைக்கலாமா?" "வாரம் ஒருமுறை கம்ப்யூட்டர் லேபுக்குக் கூட்டிப்போனால் போர்ஷன் முடியுமா?" கொஞ்சம் மூத்தவர்கள் கேட்பது வேறு மாதிரி: "நான் சாக்பீஸோடு நின்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் எடுபடுமா?"

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யுங்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கையில் இருப்பது நாற்பது, நாற்பத்தைந்து நிமிட பீரியட். அதில் வருகைப் பதிவும் அறிவிப்புகளும் போக முப்பத்தைந்து தேறினால் பெரிது. அதனால் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை மனதில் வைத்து ஐந்து வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். அவற்றை நான் பிரிப்பது திரை யாரிடம் இருக்கிறது என்பதை வைத்துத்தான்: சுவரில், வீட்டில், மாணவர் கையில், ஆசிரியர் கையில் மட்டும், யாரிடமும் இல்லை.

## இந்தப் பிள்ளைகள் உண்மையில் எதில் வேறுபட்டவர்கள்?

2001இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர் 'டிஜிட்டல் நேட்டிவ்' (டிஜிட்டல் உலகின் பூர்வகுடி) என்ற பெயரைப் பரப்பினார். கணினியோடு பிறந்து வளர்ந்தவர்கள் வேறு மாதிரி யோசிக்கிறார்கள், பழைய ஆசிரியர்கள் அந்த டிஜிட்டல் நாட்டுக்குக் குடியேறி வந்தவர்கள் மாதிரி தடுமாறுகிறார்கள் என்பது அவர் வாதம். கேட்க நன்றாக இருந்ததால் பயிற்சி முகாம்களில் இன்றும் ஓடுகிறது. ஆனால் 2017இல் கல்வி ஆய்வாளர்கள் பால் கிர்ஷ்னரும் பெட்ரோ டி ப்ரைக்கரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, அப்படித் தனி மூளையோடு ஒரு தலைமுறை இல்லை, ஒரே நேரத்தில் பல வேலை செய்யும் திறனும் அவர்களுக்குக் கூடுதலாக இல்லை என்று எழுதினார்கள். 2016இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று அமெரிக்க மாணவர்களைச் சோதித்தபோது, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் 'விளம்பரதாரர் உள்ளடக்கம்' என்று குறிப்பிடப்பட்டிருந்ததைக்கூடச் செய்தி என்றே நம்பினார்கள். விரல் வேகத்துக்கும் விவரம் தெரிவதற்கும் தொடர்பு இல்லை.

நம் நாட்டு நிலவரத்துக்கு, கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை அளக்கும் அசர் ஆய்வின் 2024 அறிக்கையைப் பார்க்கலாம். கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயதுள்ளவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரியும். ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் சமூக ஊடகத்துக்காகப் போனைத் தொட்டவர்கள் 76 சதவீதம். படிப்புக்காகத் தொட்டவர்கள் 57 சதவீதம். ரீல்ஸுக்குப் பாட்டு சேர்த்து வெட்டி ஒட்டத் தெரிந்த பையன், லேபில் உட்கார்ந்தால் ஒரு ஃபைலை எங்கே சேமித்தோம் என்று தேடிக்கொண்டிருப்பதை எந்த கம்ப்யூட்டர் ஆசிரியரும் பார்த்திருப்பார்.

அப்படியென்றால் எதுவுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது, மூன்று விஷயங்களில். செய்தது சரியா தவறா என்பது உடனே தெரிந்து பழகியவர்கள் இவர்கள். விளையாட்டில் தோற்றால் அடுத்த நொடியே தெரியும்; நாம் திருத்திய நோட்டுப் புத்தகம் திரும்பி வர ஒரு வாரம் ஆகும். இரண்டாவது, பதில் எங்கும் கிடைக்கும் என்பதால் நோட்ஸ் சொல்லச் சொல்ல எழுதுவதில் அவர்களுக்கு மதிப்பு தெரிவதில்லை. மூன்றாவது, பிடிக்காததைத் தள்ளிவிட்டுப் போகும் பழக்கம். ஆசிரியர் ஈடுகொடுக்க வேண்டியது இந்த மூன்றுக்கும்தான். சுவரில் திரை மாட்டினால் இந்த மூன்றில் எது தீரும் என்பதே என் முதல் கேள்வி.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

1. அந்த நேரத்தில் யோசிப்பது யார்? ஆசிரியரா, முதல் பெஞ்சில் நாலு பேரா, எல்லாருமா?
2. தவறு எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறது?
3. வீட்டில் போனோ நெட்டோ இல்லாத பிள்ளை பின்தங்குமா?
4. ஆசிரியருக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே எவ்வளவு வேலை?
5. கரண்ட் போனால், நெட் போனால் அந்த பீரியட் என்ன ஆகும்?

ஆறாவதாக ஒன்று எப்போதும் பின்னால் நின்றுகொண்டிருக்கிறது: பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு பேனாவால், காகிதத்தில் எழுதுவது. வகுப்பு எவ்வளவு நவீனமாக இருந்தாலும் படம் வரைந்து பாகம் குறிக்கக் கை பழகாவிட்டால் மதிப்பெண் போகும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நிலைமை அது.

ஒப்பிட வசதியாக ஐந்து வழிக்கும் ஒரே பாடத்தை எடுத்துக்கொள்கிறேன்: பத்தாம் வகுப்பு அறிவியலின் ஒளியியல் பாடம். அதில் ஒரு கேள்வி. குவிலென்ஸின் மேல்பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்தால், திரையில் விழும் பிம்பம் என்ன ஆகும்? மேல்பாதி மறையுமா, கீழ்பாதி மறையுமா, முழுசாகவே இருந்து மங்குமா, பிம்பமே வராதா? பெரும்பாலான பிள்ளைகள் பாதி மறையும் என்றுதான் சொல்வார்கள். லென்ஸின் ஒவ்வொரு பகுதியும் முழு பிம்பத்தையும் உருவாக்குகிறது என்பது பிடிபட்டவர்களுக்கு மட்டுமே மூன்றாவது பதில் வரும்.

## 1. திரை சுவரில்: ஸ்மார்ட் போர்டு

தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் நன்கொடையாகவும் வந்திருக்கிறது. ஒரு நல்ல பெரிய பேனல் லட்சத்தைத் தாண்டும்.

நல்ல பக்கம் கண்கூடானது. இதயம் துடிப்பதை, எரிமலை வெடிப்பதை, சோழர் கோயில் விமானத்தை ஐம்பது பேருக்கும் ஒரே நேரத்தில் காட்டலாம். கதிர்ப்படத்தில் (ஒளி போகும் வழியைக் கோடுகளாகக் காட்டும் படம்) பொருளை நகர்த்த நகர்த்தப் பிம்பம் நகர்வதைக் கரும்பலகையில் காட்டவே முடியாது. 2002இல் நோபல் பரிசாளர் கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' என்ற, திரையில் நகர்த்திப் பார்க்கும் அறிவியல் மாதிரிகள் இதற்கு அருமையானவை. இலவசம், ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும்.

ஆனால் முதல் கேள்வியில் இது தடுக்கி விழுகிறது. யோசிப்பது யார்? பிள்ளைகள் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். 2004இல் ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் குழு இதைச் சோதித்தது. இயற்பியல் செய்முறை விளக்கத்தைச் சும்மா பார்த்த மாணவர்களின் புரிதல், அதைப் பார்க்காதவர்களைவிடப் பெரிதாக மேம்படவில்லை. பார்ப்பதற்கு முன்னால் 'என்ன நடக்கும்' என்று ஊகித்துச் சொன்னவர்களின் புரிதல்தான் உயர்ந்தது. கண்ணெதிரே நடக்கும் செய்முறைக்கே இந்தக் கதி என்றால், யூடியூப் அனிமேஷனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆகவே ஸ்மார்ட் போர்டு இருந்தால் விதி ஒன்று வையுங்கள்: வீடியோவை ஓட்டுவதற்கு முன் நிறுத்துங்கள். லென்ஸ் பாதி மறைக்கப்பட்ட படத்தைக் காட்டிவிட்டு, எல்லாரும் நோட்டில் பதில் எழுதிய பிறகே அடுத்த நொடியைக் காட்டுங்கள். ஊகித்து எழுதியவனுக்குத்தான் விடையைப் பார்க்கும் ஆசை வரும்.

மறைந்திருக்கும் செலவு பணத்தில் இல்லை. போர்டு இருக்கும் அறை ஒன்று, பிரிவுகள் நான்கு; அந்த அறைக்குப் போய்வரவே ஐந்து நிமிடம். சாவி தலைமை ஆசிரியர் அறையில். தொடு உணர்வு ஒரு மூலையில் வேலை செய்யாமல் போனால் சரிசெய்ய ஆள் வரும்வரை அது பெரிய டிவி மட்டுமே. இன்னொன்று, வாங்கிய பிறகு பயன்படுத்தாமல் இருந்தால் கேள்வி வரும் என்ற பயத்தில் தேவையில்லாத பாடத்துக்கும் ஓட்டுவது. இது எந்தப் பட்டியலிலும் வராத செலவு.

அசைவு, அளவு, தொலைவு மூன்றில் ஒன்றாவது பாடத்தின் உயிராக இருந்தால் இது சரியான தேர்வு. திருக்குறளுக்கோ காரணிப்படுத்தலுக்கோ வேண்டாம்.

## 2. திரை வீட்டில்: முந்தின நாள் வீடியோவும் வாட்ஸ்அப் குழுவும்

2007இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோனாதன் பெர்க்மன், ஆரோன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், விளையாட்டுப் போட்டிகளுக்காக அடிக்கடி விடுப்பு எடுக்கும் பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவுசெய்து கொடுக்க ஆரம்பித்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'தலைகீழ் வகுப்பறை': பாடம் வீட்டில், வீட்டுப்பாடம் வகுப்பில். யோசனையாக இது எனக்கு மிகவும் பிடித்தது. ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதுதான் பிள்ளை கணக்கு போட வேண்டும், இதில் என்ன சந்தேகம்?

நமக்குப் பொருள்களும் தயாராகவே இருக்கின்றன. 2018 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு உண்டு, அது திக்‌ஷா என்ற அரசின் இணையப் பாடத் தளத்துக்குக் கூட்டிப்போகும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி, 2023இல் பாட வீடியோக்களுக்கான மணற்கேணி செயலி. நீங்களே பதிவுசெய்வதானால் சின்னதாக வையுங்கள். இணையவழிப் பாடங்களின் லட்சக்கணக்கான பார்வைகளை ஆராய்ந்த 2014 ஆய்வு ஒன்றில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்த்த இடைநிலை நேரம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அதுவும் தானாக விரும்பிச் சேர்ந்த பெரியவர்கள்.

சிக்கல் மூன்றாவது கேள்வியில். வீட்டில் போன் இருப்பது வேறு, பிள்ளை கையில் போன் இருப்பது வேறு. அப்பா வேலைக்குப் போகும்போது போனும் போகிறது. திரும்பும்போது மணி எட்டு, சார்ஜ் பத்து சதவீதம், அண்ணன் காத்திருக்கிறான். அசர் 2023 அறிக்கையின்படி, போன் பயன்படுத்தத் தெரிந்த 14-18 வயதினரில் சொந்தமாகப் போன் வைத்திருந்த ஆண்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8. அதாவது, 'எல்லாரும் பார்த்துவிட்டு வாருங்கள்' என்று சொல்லும்போது பெண்பிள்ளைகளை நாம் அறியாமலே பின்வரிசைக்குத் தள்ளுகிறோம்.

மறுநாள் நடப்பதும் தெரிந்ததுதான். நாற்பதில் இருபத்தைந்து பேர் பார்த்திருப்பார்கள். பார்க்காதவர்களுக்காகப் பாடத்தை மறுபடி நடத்தினால், பார்த்தவர்கள் அடுத்த முறை பார்க்க மாட்டார்கள். நடத்தாமல் விட்டால் பதினைந்து பேர் கைவிடப்படுகிறார்கள். இரண்டு பக்கமும் அடி.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் வேறு வழியில்லாமல் ஆரம்பித்தது, பழக்கமாக நின்றுவிட்டது. அதன் செலவுகள்:

- குழுவில் இருக்கும் எல்லாருக்கும் எல்லார் நம்பரும் தெரிகிறது. எட்டாம் வகுப்புப் பெண்ணின் வீட்டு நம்பர் அறுபது பேருக்குத் தெரிய வேண்டிய அவசியம் என்ன? 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது.
- ஒருவர் நோட்டின் போட்டோ இரவு ஒன்பது மணிக்கு நாற்பது நோட்டுகளாகிவிடுகிறது.
- ஆசிரியரின் மாலை நேரம் போய்விடுகிறது. பதில் போடாவிட்டால் 'டீச்சர் ப்ளூ டிக் வந்துருச்சு' என்பார்கள்.

குழு வேண்டும்தான் என்றால் வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியைப் பயன்படுத்துங்கள். அதில் உறுப்பினர் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. பெற்றோருக்கான அறிவிப்புக்கு மட்டும் வையுங்கள், பாடத்துக்கு வேண்டாம்.

பிளஸ் டூ மாணவர்கள், விடுதியில் லேபோ டிவியோ உள்ள பள்ளிகள், உடல்நலமில்லாமல் விடுப்பில் இருக்கும் பிள்ளை, தேர்வுக்கு முந்தைய திருப்புதல்: இந்த இடங்களில் வீடியோ மிகவும் உதவும். 'ஏற்கெனவே நடத்திய பாடத்தை மீண்டும் பார்க்க' என்ற அளவில் நிறுத்தினால் யாரும் பின்தங்க மாட்டார்கள்.

## 3. திரை மாணவர் கையில்: ஹைடெக் லேப்

பெரும்பாலான பள்ளிகளில் மாணவர் போன் கொண்டுவர அனுமதி இல்லை. நானும் அதை மாற்றச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் ஒருவர் லேப்டாப்பில் வேறு எதையோ மேய்ந்துகொண்டிருந்தால், அவருக்கு மட்டுமல்ல, அந்தத் திரை தெரியும் தூரத்தில் உட்கார்ந்தவருக்கும் மதிப்பெண் குறைகிறது என்று 2013இல் கனடாவில் நடந்த சோதனை காட்டியது. ஆக, மாணவர் கையில் திரை என்றால் நமக்குப் பள்ளியின் கணினி ஆய்வகமான ஹைடெக் லேப்தான்.

அங்கே ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேர். மவுஸ் யார் கையில் என்பதே பாதி பீரியட் சண்டை. ஒளியியலை லேபில் நடத்துவது நேர விரயம். கதிர்ப்படத்தைப் பென்சிலால் வரைந்து கற்பதுதான் தேர்வுக்கும் புரிதலுக்கும் நல்லது.

ஆனால் லேபில் மட்டுமே செய்ய முடிகிற ஒன்று இருக்கிறது: தேடுவதும் சரிபார்ப்பதும். சமூக அறிவியல் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு 'வரலாற்று உண்மை'யைக் கொடுத்து, இது எங்கிருந்து வந்தது, எழுதியவர் யார், வேறு எங்கே என்ன சொல்கிறார்கள் என்று முப்பது நிமிடத்தில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து படிப்பதைவிட, வேறு பக்கங்களைத் திறந்து அதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பதுதான் தொழில்முறைச் சரிபார்ப்பாளர்களின் வழி. போனோடு வளர்ந்தவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்காத திறன் இது. டைப்பிங்கும் அப்படித்தான், கட்டைவிரலால் தட்டிப் பழகியவர்களுக்குக் கீபோர்டு அந்நியம்.

செயற்கை நுண்ணறிவையும் இங்கேதான் வைக்க வேண்டும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து வீட்டுக்குக் கொடுத்து வாங்கும் கட்டுரைக்கு அர்த்தம் குறைந்துவிட்டது. யார் எழுதியது என்று கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்பி ஒரு பிள்ளையைக் குற்றம் சாட்டாதீர்கள், அவை தவறுகின்றன. கட்டுரையின் முதல் பத்தியை வகுப்பில் எழுத வைத்து, மீதியை மறுநாள் வகுப்பிலேயே முடிக்க வைத்தால் சண்டையே இல்லை. லேபிலோ, அதன் பதில் ஒன்றை எல்லாருக்கும் கொடுத்துத் தப்பு கண்டுபிடிக்கச் சொல்லலாம். தமிழ் இலக்கணத்தில் கேட்டுப் பாருங்கள், வேட்டைக்குப் பஞ்சம் இருக்காது.

## 4. திரை ஆசிரியர் கையில் மட்டும்: ஒரு போன், நாற்பது அட்டைகள்

இது பலருக்குத் தெரியாத வழி என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 'ப்ளிக்கர்ஸ்' என்று ஒரு செயலி. அதன் தளத்திலிருந்து அட்டைகளை அச்சடித்துக்கொள்ளலாம். நாற்பது பேருக்கான தொகுப்பும் 63 பேருக்கான தொகுப்பும் உண்டு. ஒவ்வொரு அட்டையிலும் க்யூஆர் கோடு போன்ற ஒரு கறுப்பு உருவம், நான்கு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. கேள்வியைக் கரும்பலகையில் எழுதுகிறீர்கள். மாணவர் தன் பதிலின் எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பித் தூக்கிக் காட்டுகிறார். நீங்கள் போன் கேமராவை வகுப்பின் மேல் மெதுவாக ஓட்டினால், யார் என்ன பதில் சொன்னார் என்பது உங்கள் போனில் வந்துவிடும். ஒவ்வோர் அட்டையின் உருவமும் வேறு, எழுத்தும் பொடி. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதுவது கஷ்டம்.

லென்ஸ் கேள்வியைப் போடுங்கள். முப்பது நொடியில் நாற்பது பதில். பாதி மறையும் என்று இருபத்தெட்டு பேர் சொல்லியிருந்தால், நீங்கள் நடத்திய பாடம் போய்ச் சேரவில்லை என்று அப்போதே தெரிகிறது, மாதத் தேர்வு வரை காத்திருக்க வேண்டாம். இங்கேதான் மசூரின் பழைய உத்தி கைகொடுக்கும். 1990களில் ஹார்வர்டில் அவர் பரப்பிய முறை இது: பதிலைச் சொல்லாதீர்கள். 'பக்கத்தில் வேறு பதில் சொன்னவரிடம் உன் காரணத்தைச் சொல்' என்று இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். சத்தம் வரும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப்பார்ப்பார். பரவாயில்லை.

உடனடி விடை, எல்லாரும் யோசிப்பது, போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு எந்த நட்டமும் இல்லை. வாய் திறக்கவே கூச்சப்படும் பிள்ளை என்ன நினைக்கிறது என்பதும் தெரிகிறது, இதுதான் எனக்குப் பெரிய லாபம்.

மறைமுகச் செலவு: உங்கள் சொந்த போன், உங்கள் சொந்த டேட்டா. அட்டைகளைத் தடிமனான தாளில் அச்சடிக்க வேண்டும், பளபள லேமினேஷன் போட்டால் ட்யூப்லைட் வெளிச்சம் பட்டுக் கேமரா தடுமாறும். இலவசக் கணக்கில் வரம்புகள் உண்டு. பெயருக்குப் பதில் வரிசை எண்ணை மட்டும் பதிவு செய்யுங்கள், யாருடைய விவரமும் வெளியே போகாது. எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, நல்ல கேள்வி எழுதும் வேலை. தவறான விடைகள் ஒவ்வொன்றும் ஒரு உண்மையான குழப்பத்தைப் பிடிக்க வேண்டும். அப்படி இரண்டு கேள்வி யோசிக்க அரை மணிநேரம் ஆகும். ஆனால் ஒருமுறை எழுதினால் நான்கு பிரிவுக்கும், அடுத்த ஆண்டுக்கும் உதவும்.

## 5. திரை யாரிடமும் இல்லை: சிலேட்டு, லென்ஸ், வெள்ளைத் தாள்

மேலே சொன்னதில் போனை எடுத்துவிடுங்கள். ஆளுக்கொரு சிலேட்டு, அல்லது அட்டையில் பிளாஸ்டிக் ஒட்டியது. 'மூன்று எண்ணுவேன், எல்லாரும் ஒரே நேரத்தில் தூக்குங்கள்.' 2008இல் கனடாவில் நதானியேல் லாஸ்ரி என்ற இயற்பியல் ஆசிரியர், மின்னணு 'கிளிக்கர்' கருவி வைத்திருந்த வகுப்பையும் வெறும் அட்டை தூக்கிய வகுப்பையும் ஒப்பிட்டார். கற்றலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கருவி ஆசிரியரின் வசதிக்குத்தான்.

சிலேட்டுக்கு அட்டையைவிட ஒரு வசதி அதிகம்: நான்கு விடைக்குள் அடங்காததையும் எழுதலாம், வரையலாம். லென்ஸின் கதிர்ப்படத்தையே சிலேட்டில் வரையச் சொன்னால், தேர்வுக்கும் கை பழகுகிறது. விடையைச் சோதிக்கவும் திரை வேண்டாம். ஒரு பூதக்கண்ணாடியை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் பிடித்தால் ஜன்னலும் வெளியே இருக்கும் மரமும் தலைகீழாகச் சுவரில் விழும். இப்போது பாதியை விரலால் மறையுங்கள். மரம் முழுசாக அப்படியே இருக்கும், மங்கலாக. அனிமேஷனில் இதைப் பார்த்த பிள்ளை 'அப்படிப் போட்டிருக்காங்க' என்று நினைக்கலாம். சுவரில் பார்த்த பிள்ளையிடம் அந்தச் சந்தேகம் இல்லை.

படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுத வைப்பதும் இதில்தான் சேரும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் செய்த சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவிட்டு நினைவுபடுத்தி எழுதியவர்கள்தான் முன்னிலை. பீரியட் ஆரம்பத்தில் நேற்றைய பாடத்திலிருந்து மூன்று கேள்வி, சிலேட்டில் பதில், மதிப்பெண் கிடையாது. நான்கு நிமிடம்.

குறைகள்: பதிவு எதுவும் மிஞ்சாது, யார் தொடர்ந்து தவறுகிறார் என்பதை நீங்கள்தான் நினைவில் வைக்க வேண்டும். சாக்பீஸ் தூள், துடைக்கும் துணி, அதற்குச் சண்டை. பார்வையிட வரும் அதிகாரிக்கு நவீனமாகத் தெரியாது.

## ஒரு பார்வையில்

| | ஸ்மார்ட் போர்டு | வீட்டு வீடியோ | ஹைடெக் லேப் | போன் + அட்டை | சிலேட்டு |
|---|---|---|---|---|---|
| யோசிப்பது யார் | பெரும்பாலும் ஆசிரியர் | பார்த்தவர்கள் மட்டும் | மவுஸ் பிடித்தவர் | எல்லாரும் | எல்லாரும் |
| தவறு தெரிவது | தாமதமாக | மறுநாள் | சில நிமிடம் | உடனே, பதிவோடு | உடனே, பதிவில்லாமல் |
| போன் இல்லாத பிள்ளை | பாதிப்பில்லை | பின்தங்கும் | பாதிப்பில்லை | பாதிப்பில்லை | பாதிப்பில்லை |
| ஆசிரியரின் கூடுதல் வேலை | நடுத்தரம் | மிக அதிகம் | நடுத்தரம் | கேள்வி எழுதுவது | கேள்வி எழுதுவது |
| கரண்ட் / நெட் போனால் | நின்றுவிடும் | வகுப்புக்குப் பாதிப்பில்லை | நின்றுவிடும் | சிலேட்டுக்கு மாறலாம் | ஒன்றும் ஆகாது |
| எழுத்துத் தேர்வுக்கு உதவி | குறைவு | திருப்புதலுக்கு | குறைவு | புரிதலுக்கு | அதிகம் |

## சரி, உங்களுக்கு எது?

நன்கொடைப் பணம் கையில் இருக்கிறது என்றால்: ஸ்மார்ட் போர்டு ஏற்கெனவே ஒன்று இருக்கும் பள்ளியில் இரண்டாவது வேண்டாம். இருப்பதை எத்தனை ஆசிரியர்கள் வாரம் எத்தனை முறை தொடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். பணத்தை இன்வெர்ட்டருக்கும், லேபின் பழுதான கணினிகளுக்கும், அறிவியல் ஆய்வகத்தின் லென்ஸ், முப்பட்டகம், காந்தங்களுக்கும் பிரிக்கலாம். ஒன்றுமே இல்லாத பள்ளி என்றால் விலை உயர்ந்த தொடுதிரைக்குப் பதில் சாதாரண புரொஜெக்டரே போதும். தொட்டு எழுதும் வசதியைப் பயன்படுத்துபவர்கள் குறைவு.

ஐம்பது பேர் வகுப்பு, நான்கு பிரிவு: அட்டை. கேள்வி எழுதும் உழைப்பு நான்கால் வகுபடும், எந்தப் பிரிவுக்கு எதை மறுபடி நடத்த வேண்டும் என்பதும் போனிலேயே இருக்கும்.

ஆறு, ஏழாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைகள் பலர்: சிலேட்டும் அச்சுப் புத்தகமும். தகவல் சார்ந்த பாடங்களைத் திரையைவிடக் காகிதத்தில் படிக்கும்போதே புரிதல் கூடுகிறது என்று 54 ஆய்வுகளைத் தொகுத்த 2018 கட்டுரை சொல்கிறது. 2023இல் ஸ்வீடன் அச்சுப் புத்தகங்களுக்குப் பணம் ஒதுக்கியதும் இந்தக் கவலையில்தான்.

சமூக அறிவியல், தமிழ், ஆங்கிலம்: மாதம் இரண்டு பீரியட் லேப், சரிபார்க்கும் பயிற்சிக்கு மட்டும். மீதி நாட்களில் வகுப்பிலேயே எழுத வைப்பது.

பத்தாம் வகுப்பு, ஜனவரிக்குப் பிறகு: புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள். சின்ன வீடியோக்கள் திருப்புதலுக்கு, தினமும் சிலேட்டில் மூன்று கேள்வி.

ஓய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டு இருக்கும் ஆசிரியர்: செயலி கற்றாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எந்த இடத்தில் பிள்ளைகள் வழக்கமாகத் தவறுவார்கள் என்பது உங்களுக்கு நூறு கேள்வி எழுதும் அளவுக்குத் தெரியும். இளைய ஆசிரியரிடம் போனைக் கொடுத்துவிட்டு, கேள்விகளை நீங்கள் எழுதிக் கொடுங்கள். ஒரே பாடத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தால் ஒரு பருவத்துக்குள் ஐம்பது அறுபது நல்ல கேள்விகள் சேர்ந்துவிடும், நீங்கள் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பள்ளியிலேயே இருக்கும்.